இலவம் பஞ்சு

ஆடி பிறந்து நான்காம் நாள் மில் வேன் வந்து அணைக்கரை ஷெட்டின் முன்னால் நின்றது. பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் இறங்கின. ஆரஞ்சு நிற கேன்வாஸ், இரட்டைத் தையல், முதுகில் நீல நூலில் 'உதய் நினைவுக் கோப்பை 1996' என்ற எழுத்து. டிரைவர் மாசாணம் ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துக்கொண்டே பெருமையடித்தான்.

"அம்மாவே உக்காந்து தெச்சதுங்கண்ணா. உள்ள பூராவும் நம்ம மில்லு சுவின் பஞ்சு. வேற எந்த மொதலாளி ஊட்டுல குடுப்பாங்க சொல்லுங்க?"

கொடுக்க மாட்டார்கள்தான். சுவின் என்றால் இருக்கிற பருத்தியிலேயே நீள இழை, விலையும் அதிகம். அந்த நூலில் வேட்டி நெய்தால் அது கல்யாண மாப்பிள்ளைக்குத்தான் போகும். அதைக் கொண்டுபோய் லைஃப் ஜாக்கெட்டில் அடைக்க எங்கள் மில் முதலாளியம்மா வரலட்சுமி ஒருவருக்குத்தான் மனசு வரும். நான் பன்னிரண்டையும் கணக்காக வாங்கி ஆணிகளில் மாட்டினேன். மாசாணத்துக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வேன் போன பிறகு ஆணிகளை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பயமோ துக்கமோ வரவில்லை. ஒரு வருஷமாகவே எதுவும் வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது உடம்பு முழுக்க.

நான் சத்தியசீலன். மில்லில் ஸ்பின்னிங் பிரிவு ஃபிட்டர். முதலாளி அரங்கசாமியின் மகன் உதய் மெட்ராஸுக்குப் படிக்கப் போய், படிப்போடு படகுப் பைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தார். ஆனைமலைப் பக்கத்து அணையில் நாலைந்து நண்பர்களோடு கிளப் ஆரம்பித்தார். பதின்மூன்றடிப் படகு, இரண்டு பாய், இரண்டே ஆள். அவர் சுக்கான் பிடிப்பார். நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றை இழுப்பேன். காற்று படகைச் சாய்த்தால் எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே நீட்டித் தொங்குவேன். என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இந்த விளையாட்டில் எனக்கு இருந்த ஒரே தகுதி அதுதான். "கோயமுத்தூருல சோறு போட்டு வளத்த பாரம், எவன்கிட்ட இருக்குது?" என்று உதய் தம்பி கிளப்பில் எல்லோரிடமும் என் தொப்பையைக் காட்டுவார்.

தொங்குவது போக மிச்ச நேரத்தில் சாமான்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. கப்பிகளைக் கழற்றி மணல் போகக் கழுவுவேன். கயிற்றின் முனை பிரியாமல் மெழுகுவத்தியில் சுட்டு ஒட்டுவேன். பாயில் பொத்தல் பார்ப்பேன். ஜாக்கெட்டுகளைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டுச் சோதித்து, சரியாக இருந்தால் சாக்குக்கட்டியால் ஒரு டிக் போடுவேன். அந்த டிக்கில்தான் எல்லாம் கெட்டது.

போன வருஷம் ஆடிப் பந்தயத்துக்கு முன்னால் பழைய ஜாக்கெட்டுகள் நைந்து போயிருந்தன. உள்ளே இருந்த இலவம் பஞ்சு பாதி தூளாகிவிட்டது. மகன் போட்டுக்கொள்வதற்கு வரலட்சுமி அம்மாவே புதிதாக ஒன்று தைத்தார். "தலகாணிக்கு அடைக்கற பஞ்ச எம் பையன் மேல கட்டி உடறதா?" என்று கேட்டு, மில் குடோனிலிருந்து சுவின் எடுத்து வரச் சொன்னார். மில்காரர் வீட்டுப் புத்தி அப்படித்தான் போகும். நூற்க உதவாத இலவத்தை அவர்கள் பஞ்சு என்றே மதிப்பதில்லை. எனக்கும் அன்று அதில் தப்பு தெரியவில்லை. இருபது வருஷமாக அதே பஞ்சோடு கிடப்பவன், அது தண்ணீரை என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

புது ஜாக்கெட்டைத் தொட்டியில் போட்டேன். தக்கையாக மிதந்தது. எதிரே கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மிதந்துகொண்டுதான் இருந்தது. டிக் போட்டேன்.

"ஓகேவா சீலண்ணா?"

"ஓகேங்க தம்பி."

பந்தயத்தன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டு வந்தது. தூரத்து மிதவையைச் சுற்றும்போது படகு கவிழ்ந்து, பாய்மரம் சேற்றில் குத்திக்கொண்டு அடி மேலாகக் கிடந்தது. கவிழ்வது எங்களுக்குப் புதிதில்லை. வழுக்கும் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மோட்டார் படகுக்குக் காத்திருந்தோம். கரையில் அதன் என்ஜின் கிளம்பவில்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. என் மேல் இருந்தது பழைய ஜாக்கெட். புதிதாகத் தைத்தது தம்பியின் அளவுக்கு. அது என் வயிற்றைச் சுற்றி வராது. தம்பி முதலில் சிரித்தார்.

"ஏனுங்க சீலண்ணா, உங்க எடைக்கு நீங்க மெதக்கறீங்க, என்னையல்லோ கீழ இழுக்குது?"

பிறகு சிரிக்கவில்லை. தாடை வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. "ரொம்பக் கனக்குதுங்கண்ணா. இதைக் கழட்டிப் போட்டறட்டா?" என்று கேட்டார்.

நான், "ஐயோ, அதை மட்டும் கழட்டாதீங்க தம்பி," என்றேன்.

அவர் கழற்றவில்லை. சாமான் விஷயத்தில் என் சொல்லைத் தட்ட மாட்டார். அடுத்தடுத்து இரண்டு அலை வந்தது. இரண்டாவது அலைக்குப் பிறகு படகைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். மறுநாள் காலையில் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ஷெட்டுக்கு வந்தேன். என் ஜாக்கெட் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பக்கத்து ஆணியில் தம்பியுடையது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் எடுக்க முடியவில்லை. தொட்டியில் போட்டேன், கல்லாக அடியில் போய் உட்கார்ந்தது. அதை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் எரித்தேன். ஈரத்தோடு எரிய ஒரு நாள் பிடித்தது. 'ஜாக்கெட் போட்டிருந்தும் போயிட்டானே, விதி' என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். விதி என்றால் எல்லோருக்கும் வசதி. நானும் தலையாட்டினேன்.

இப்போது அதே பஞ்சு பன்னிரண்டு மடங்காக வந்து ஆணிகளில் தொங்குகிறது. அதில் ஒன்று ஷ்ரவ்யா பாப்பாவுக்கு. தம்பியின் ஒரே தங்கை, காலேஜில் முதல் வருஷம். அண்ணன் படகை அண்ணன் பேரில் நடக்கும் பந்தயத்தில் நான்தான் ஓட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கிவிட்டது. பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள். அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் மகனை மூழ்கடித்தது உங்கள் கைப் பஞ்சு என்று சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் மகளும் அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்.

நான் சொல்லவில்லை. பன்னிரண்டையும் மூட்டை கட்டி ஆனைமலையில் மெத்தை தைக்கும் ரம்ஜான் பீவியிடம் கொண்டுபோனேன். ஒரு ஓரத்தைப் பிரித்து, சுவினை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்காத இலவம் அடைத்து, அதே நூலில் மூடச் சொன்னேன். அந்தம்மா ஒரு பிடி சுவினைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தன நல்ல பஞ்ச உருவிப்போட்டு எலவம் அடைக்கச் சொல்ற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்."

"நீங்க அடைங்க பீவிம்மா," என்றேன்.

திரும்பி வந்த பன்னிரண்டையும் காலையில் தொட்டியில் போட்டு, கல்லைத் தூக்கி மேலே வைத்து, சாயங்காலம் கல்லை எடுத்தேன். பன்னிரண்டும் எழும்பி வந்தன. சுவினைச் சாக்குகளில் கட்டி ஷெட்டின் மூலையில் போட்டேன். எரிக்கத் தோன்றவில்லை, சோம்பல்தான்.

பந்தயத்தன்று பத்து மணிக்கு அம்பாசிடர் வந்தது. முதலாளி வரவில்லை, அவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வருவதில்லை. அம்மாவும் பாப்பாவும் இறங்கினார்கள். பாப்பாவின் கூட்டாளி பூஜிதா ஏற்கெனவே படகில் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு ஜாக்கெட்டை எடுத்து மகளுக்குத் தாமே மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். ஓரத் தையலில் ஒரு துளிப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

அவர் மாமனார் காலத்திலிருந்து பஞ்சு வாங்கும்போது பக்கத்தில் இருந்து பழகியவர். அவர் விரல்கள் தாமாகவே அதை உருவின. இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, இழை நீளம் பார்க்க இழுத்தார். சுவின் என்றால் பட்டுப்போல நீண்டு வரும். இது நீளவில்லை. வழுக்கி, உதிர்ந்து, காற்றில் போய்விட்டது.

"நீ போ கண்ணு, நேரமாச்சு," என்று மகளை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "சீலா, இது எலவம்பஞ்சு."

"ஆமாங்கம்மா."

"எம் பஞ்சு எங்கே?"

மூலையில் இருந்த சாக்குகளைக் காட்டினேன்.

"பன்னண்டுலயும் எடுத்துப்போட்டயா?"

"பன்னண்டுலயுமுங்க."

எலி கடித்துவிட்டது, மெட்ராஸிலிருந்து புது விதி வந்திருக்கிறது என்று பத்து நாளாகப் பொய்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டேன். அவர் சாக்குகளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"போன வருசம் நான் தெச்சுக் குடுத்தது?"

"அது ரொம்பக் கனத்துப்போச்சுங்கம்மா," என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். அழவில்லை. வெளியே விசில் ஊதினார்கள், பாய்கள் படபடத்தன. பந்தயம் கிளம்பிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ தொட்டியில போட்டுப் பாப்பியல்ல, அதைப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. மெதந்துச்சுங்க."

"எத்தன நேரம் பாத்தே?"

"ஒரு டீ குடிக்கற நேரமுங்க."

அவர் தலையை அசைத்தார். "நானு அது கூடப் பாக்கலே," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் அறைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, மிச்சம் தொங்கிய ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தொட்டியில் போட்டார். "மணி பாரு," என்றார். பத்து இருபத்தைந்து.

அவர் டப்பாவிலும் நான் தரையிலுமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நடந்ததையெல்லாம் கேட்டார். என்ஜின் கிளம்பாதது, அலை, தம்பி என் எடையைக் கேலி பண்ணியது, நான் அந்த ஜாக்கெட்டை எரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகத் தம்பி கேட்டதையும் அதற்கு நான் சொன்னதையும் மட்டும் சொல்லவில்லை. நடுவில் இரண்டு தடவை அவர் எழுந்து இரண்டு கையாலும் ஜாக்கெட்டை அடி வரைக்கும் அழுத்திவிட்டு விட்டார். இரண்டு தடவையும் அது மேலே வந்தது.

மறுபடியும் விசில் கேட்டது. கைதட்டினார்கள். மணி பதினொன்று ஐம்பது.

"பாப்பா வந்திருக்குமுங்க. போலாங்களா?"

"இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும்," என்றார் அம்மா.

பாப்பாவே ஷெட்டுக்குள் ஓடி வந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்றாவது இடம் என்று கத்தியது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை என்பது அதற்குத் தோன்றவில்லை. அம்மா போட்ட முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அதை நகத்தால் நெம்பிக்கொண்டே, சாமான் விஷயம் என்பதால், அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டது.

"சீலண்ணா, இதைக் கழட்டிப் போட்டறட்டுங்களா?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஒரு வருஷம் கழித்து, வெட்கமில்லாமல். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிருங்க பாப்பா," என்றேன். "கழட்டிருங்க."