கர்ணன் கொடுத்த தகரம்

மரக்காணத்து உப்பள முதலாளிகளில் கொடுக்கும் மனம் உடையவர் யார் என்று கேட்டால், குழந்தைசாமியின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தாலும் கவலையில்லை. அவர் கொடுத்த பொருளே சொல்லிவிடும். திரௌபதியம்மன் கோயிலுக்கு அவர் வாங்கித் தந்த டியூப் லைட்டில் அவருடைய பெயரையும், அவருடைய தகப்பனார் பெயரையும், மிச்சமிருந்த இடத்தில் ஊர்ப் பெயரையும் சிவப்பு மையால் எழுதியிருந்ததால், வெளிச்சம் இரண்டு முனைகளில் மட்டுமே வந்தது. உப்பள முதலாளிகள் சங்கத்துக்குக் கொடுத்த நாற்காலியில் முதல் நாள் சாய்ந்து உட்கார்ந்தவர், முதலாளியின் பெயரைச் சட்டை முதுகில் சுமந்தபடி வீடு போய்ச் சேர்ந்தார்.

குழந்தைசாமி கெட்டவர் அல்லர். கொடுத்ததை ஒருபோதும் திரும்பக் கேட்டதில்லை. கொடுத்ததை நினைவூட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் வெயிலில் குந்தியபடி கஞ்சி குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன ஆண்டு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். இரும்புக் கால்கள், தகரக் கூரை, முகப்பில் ஒரு கதவைவிடப் பெரிய தகரப் பலகை. பலகையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொட்டகை எழும்பிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்தெல்லாம் பலகையைப் படித்துக்கொண்டே போகும். உப்புப் பாத்திகளோ அங்கிருந்து வெகு தூரம் உள்ளே. ஆகவே அந்த நிழலை ஆடுகளும், செல்ஃபி எடுத்துக்கொள்ள பைக்கை நிறுத்தும் வெளியூர்ப் பிள்ளைகளும் அனுபவித்தார்கள். பெண்கள் வழக்கம்போல வெயிலிலேயே கஞ்சி குடித்தார்கள். இந்தச் சித்திரையில் அவர்களில் ஒருத்தியான அந்தோணியம்மாள் உப்புக் கூடையோடு வரப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

அந்த நிலையில்தான் பாரதத் திருவிழா வந்தது. இந்த ஆண்டுக் கூத்தில் கர்ணன் வேஷம் குழந்தைசாமிக்கு. ஊரெங்கும் பேனர் கட்டியாயிற்று.

கர்ணன் வேஷம் கட்டுகிறவருக்கு எங்கள் ஊரில் ஒரு கடமை உண்டு. கூத்துக்கு முந்தின நாள் காலையில் கிரீடம், புஜகீர்த்தி, முகப்பூச்சு எல்லாவற்றோடும் ஊரைச் சுற்றி, கடைசியில் உப்பளம் வரை நடக்க வேண்டும். எதிரில் வந்து யார் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். இல்லை என்றால், சொன்ன இடத்திலேயே கிரீடத்தைக் கழற்றிவிட வேண்டும்; அந்த ஆண்டுப் பாரதம் கர்ணன் இல்லாமலே நடக்கும். கவசத்தையே உரித்துக் கொடுத்தவனின் கிரீடம் ஆயிற்றே. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

குழந்தைசாமி முன்யோசனைக்காரர். மேஸ்திரி அப்பாதுரையை அனுப்பி, யார் யார் எதைக் கேட்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார். ஒரு வீடு துண்டு கேட்கும். ஒரு வீடு எவர்சில்வர் தட்டு கேட்கும். தட்டுகளில் பெயர் வெட்டித் தயாராக இருந்தது. மேஸ்திரி செய்த பிழை ஒன்றுதான். உப்பளப் பெண்கள் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வீடுகள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பூட்டுக்குச் சொல்லிவிட்டு வர முடியாதல்லவா?

ஊர்வலம் நன்றாகவே நடந்தது. கூத்தில் கட்டியக்காரனாக வரும் சேட்டு, கோமாளிக் குல்லாயோடு முன்னால் நடந்தான்.

"மகாராஜா வர்றாரு. கேக்கறவங்கல்லாம் கேளுங்க. இன்னா கேக்கணும்னு மேஸ்திரி சொல்லியிருப்பாரு."

"டேய், வாய மூடிக்கினு நடடா," என்றார் கர்ண மகாராஜா.

உப்பளத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர்களுள் மூத்தவளான அம்சவல்லி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"கொட்டாய எங்களுக்குக் குடுங்க மகாராஜா."

குழந்தைசாமி சிரித்தார். "அது உங்களுதுதானேம்மா. உங்களுக்குன்னுதானே கட்டினேன்."

"போய்ச் சேர்றதுக்குள்ள கஞ்சி நேரமே முடிஞ்சிடுதுங்களே. எங்களுதுன்னா, தூக்கினு வந்து இங்க நட்டுக்கறோம்."

குழந்தைசாமி பாத்திகளைப் பார்த்தார். சாலையிலிருந்து இங்கே நடந்து வரும் தூரத்தைச் சற்று முன்புதான் அவருடைய கால்கள் அளந்திருந்தன. "சரி, எடுத்துக்கங்க," என்றார். உடனே, "பலகை மட்டும் ரோட்டோரம் நிக்கட்டும்," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது அந்தோணியம்மாள் முன்னால் வந்தாள். "சர்ச்சுக்குப் போறவங்க கேக்கலாமா?"

"கர்ணங்கிட்ட அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது. கேளுக்கா," என்றான் சேட்டு.

"அந்தப் பலகைய எனக்குக் குடுங்க. உப்பு மேல வெயிலு பட்டுச் சாய்ங்காலம் வரைக்கும் கண்ண எரிக்குது. மேற்கால ஒரு தடுப்பு வெச்சா நல்லாருக்கும்."

கர்ணன் கவசத்தைச் சிரித்த முகத்தோடு கொடுத்தான் என்று கூத்தில் பாடுவார்கள். கவசம் அவன் உடம்போடு பிறந்தது. குழந்தைசாமிக்குப் பெயரும் அப்படியே. தோலிலிருந்து பிரிப்பது அத்தனை எளிதன்று.

"வேற ஏதாவது கேளும்மா," என்றார் மெதுவாக. "புதுசா ரெண்டு தகரம் வாங்கித் தர்றேன்."

"மகாராஜா பேரம் பேசறாரு," என்றான் சேட்டு. "பாரதத்துல இந்தக் கட்டம் எங்க வருதுன்னு யாராவது பாத்துச் சொல்லுங்கப்பா."

குழந்தைசாமியின் வலக்கை கிரீடத்துக்குப் போனது. கழற்றவா, அழுத்திக்கொள்ளவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. முகப்பூச்சு கரைந்து கழுத்தில் வழிந்தது. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. ஒதுங்க ஒரு கையகல நிழல் இல்லை. அவர் கொஞ்சம் தள்ளாடினார்.

அந்தோணியம்மாள் தன் உப்புக் கூடையைத் தூக்கி, அவர் தலைக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டாள். அவள் தலையில் இப்போது நேராக வெயில் அடித்தது. அவர் அதைக் கேட்கவில்லை; அவள் யோசிக்கவும் இல்லை.

குழந்தைசாமி அவளைப் பார்த்தார். வலக்கை இன்னும் கிரீடத்தில் இருந்ததால், இடக்கையை ஆட்டிச் சொன்னார். "எடுத்துக்கம்மா. பலகையும் உனுக்குத்தான்."

"இடக்கை," என்று சேட்டு கூவினான். "கர்ணனும் இப்பிடித்தான். கைய மாத்தறதுக்குள்ள மனசு மாறிடும்னு இடக்கையாலயே குடுத்துட்டானாம்."

அன்று மாலைக்குள் கொட்டகை பெயர்ந்து பாத்திகளின் நடுவே நின்றது. பலகையும் மேற்குப் பக்கம் நின்றது. கர்ணனாகிய குழந்தைசாமி வேஷத்தைக் கலைத்துவிட்டு அங்கே வந்தபோது, மேஸ்திரி அப்பாதுரை தார் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். உப்புக் காற்றில் நிற்கும் இரும்புக்கெல்லாம் அங்கே தார் பூசுவது வழக்கம்.

"பேர் மேலயுமாப்பா?" என்றார் குழந்தைசாமி.

"பேர் மேல பூசாம வுட்டா, மொதல்ல பேருதாங்க பொத்தலாவும்," என்றார் மேஸ்திரி.

குழந்தைசாமி பலகையில் தன் பெயரை ஒரு முறை படித்தார். பிறகு, "நல்லா கெட்டியா பூசு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மறுநாள் கூத்தில் அவருடைய கர்ணன் நன்றாகவே விழுந்தான். பாட்டைத்தான் இரண்டு இடங்களில் மறந்தான்.

திருவிழா முடிந்த வாரத்தில் ஒரு நாள், கஞ்சி வேளையில் அவர் உப்பளத்துக்கு வந்தார். நிழல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். வானூர்ப் பக்கத்திலிருந்து அன்று புதிதாக வேலைக்கு வந்த ரேணுகா அவரைக் கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே வரும்போது தகரத்தில் தலையை இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி கேட்டாள்.

"இத யாருங்க கட்டினது?"

அம்சவல்லி கஞ்சிக் குண்டானிலிருந்து நிமிர்ந்தாள். அந்தோணியம்மாள் ஊறுகாயைக் கடிப்பதை நிறுத்தினாள். இருவரும் குழந்தைசாமியின் வாயையே பார்த்தார்கள். அந்த வாய் திறந்தது. தகப்பனார் பெயரிலிருந்து தொடங்குவதற்கான எல்லா ஏற்பாடுகளும் அதில் தெரிந்தன.

"யாரோ கட்டினாங்கம்மா," என்றார்.

"ரொம்பக் குள்ளமான ஆளா இருப்பாரு போல," என்றாள் ரேணுகா.

குழந்தைசாமி ஐந்தடிக்குச் சற்று மேல். அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கும்," என்றார் அவர். "ஒரு அடி ஒசத்திப் போடச் சொல்றேன்."

"சொல்லுங்க. இப்பக் கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா. எனுக்கும் எடம் வேணுமில்ல?"

அவர் தள்ளி உட்கார்ந்தார். ஒரு தோள் வெயிலுக்குப் போய்விட்டது. அந்தோணியம்மாள் ஊறுகாய்ச் சம்படத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.