சிப்பாய்களுக்குச் சவரம்

எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி ஏறியதிலிருந்து ஜெயவேலுக்குத் தொண்டை எரிச்சல் தீரவில்லை. எச்சில் விழுங்கினால் மிளகாய்த்தூள் இறங்குவதுபோல் இருந்தது. மணலியில் அந்தத் தொட்டியைக் கழுவும் காண்டிராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் அதே எரிச்சல்தான். அவர்களில் ஒருவனான ஞானம் உள்ளேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாஸ்க் தராமல் இனி இறங்குவதில்லை என்று காலையில் கம்பெனி கேட்டருகே உட்கார்ந்துவிட்டார்கள்.

பாதுகாப்பு அதிகாரி ஜேக்கப் லேப்டாப்போடு வந்தார்.

"தாடி இருந்தா மாஸ்க் முகத்துல ஒட்டாது. கேஸ் உள்ள வரும். முதல்ல ஷேவ் பண்ணிட்டு வாங்க."

அதோடு விட்டிருக்கலாம். படம் காட்டத் தொடங்கினார். ஆதிமனிதன் சிப்பியாலும் தீட்டிய கல்லாலும் மழித்துக்கொண்டது, எகிப்தில் செம்புக்கத்தி, ரோமில் இரும்புக்கத்தி. "அலெக்சாண்டர் தன்னோட சிப்பாய்ங்களைத் தாடி எடுக்கச் சொன்னார். ஏன்? சண்டையில எதிரி பிடிச்சு இழுக்கக் கூடாதுன்னு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சேஃப்டி!"

"அந்த ராஜா ஈட்டி, கேடயம் இன்னாவது குடுத்தாரா சார்?" என்றான் ஜெயவேலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமால். "இல்ல, மூஞ்ச வழிச்சிகினு வெறுங்கையோட போன்னாரா?"

கேட் காவலாளியே சிரித்துவிட்டான். ஜேக்கப் முகம் சிவந்தது. "தாடியோட உக்காந்துக்கிட்டு மாஸ்க் கேக்காதீங்க" என்றார், ஜெயவேலைப் பார்த்து. முழுத்தாடி அவனுக்கு மட்டும்தான்.

தாடிக்குக் கீழே இருப்பது கமாலுக்குத் தெரியும். முன்பு வேறொரு கம்பெனியில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்ததில் ஜெயவேலின் இடது தாடை வெந்து சுருங்கியிருந்தது. மகள் மாயாவே அதைப் பார்த்ததில்லை.

ஜெயவேல் எழுந்ததும், "வேணாம் மாமு. தோலு உரிஞ்சிகினு வந்துடும்" என்று தடுத்தான் கமால்.

"ரேசர் வாங்கினு வா. அப்பால அவுரு சாக்கு இன்னான்னு பார்த்துடலாம்" என்றான் ஜெயவேல்.

நின்றிருந்த டேங்கர் லாரியின் சைடு கண்ணாடி முன்னால் பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு மழித்தான். மேடுபள்ளமான தோலில் பிளேடு இடறி இடறி வந்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது. துடைக்காமல் ஜேக்கப் முன்னால் போய் நின்றான்.

"மூஞ்சி ரெடி சார். மாஸ்க் எங்க?"

ஜேக்கப்பால் அந்தத் தாடையைப் பார்க்க முடியவில்லை. தள்ளிப் போய் ஸ்டோருக்குப் போன் போட்டுப் பேசினார். திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது.

"இப்பதான் ஆர்டர் போட்டிருக்காங்களாம். இன்னும் வரல."

"இல்லாத மாஸ்குக்கா என்னிய அறுத்துக்கச் சொன்ன?"

"இன்னைக்கு மட்டும் இறங்குங்க. இல்லேன்னா வேற ஆளு வரும்."

"வரட்டும். அவனுங்களுக்கும் இந்த மூஞ்சியத்தான் காட்டுவேன்."

மதியம் எண்ணூரிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். ஜெயவேல் ஜன்னலருகே போய்த் தாடையைக் காட்டி, ஞானம் விழுந்த கதையைச் சொன்னான். முதலில் ஒருவன் இறங்கி வந்து கமால் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வேன் காலியானது.

தொட்டி திறந்தபடி கிடந்தது. யாரும் இறங்கவில்லை. தாடியைக் கேட்டார்கள், ஜெயவேல் கொடுத்துவிட்டான். இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு மாஸ்க், அது கம்பெனி இன்னும் தர வேண்டிய பாக்கி.