அண்ணன் கோப்புக்கு விலக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கு இணையத்தில் வந்துகொண்டிருந்த ஆர்டர் ஒரு வாரமாக அடியோடு நின்றுபோயிருந்தது. கடைக்காரர் தங்கப்பாண்டியன் யோசித்தார். பழி, பேக்கிங் போடுகிற மாரிச்செல்வி தலையில் விழுந்தது. முன்பு இரண்டு பேர் டப்பாவில் நெய் கசிந்ததென்று புகார் சொல்லியிருந்தார்கள். போதாதா? “இன்னும் ரெண்டு நாளு பாப்பேன். பொறவு ஆளை மாத்திருவேன்” என்று ராஜபாளையத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்.

போனை எடுத்தவள் ரெனிட்டா. கடையின் வலைத்தளத்தைச் செய்து கொடுத்த கம்பெனியில் டெஸ்டிங் அவள் வேலை. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். உரக்கடைக்கு மேலே மாடியில் நாலு மேஜை. வன்னியம்பட்டி மாரிச்செல்வி அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். அந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டதும் ரெனிட்டாதான்.

“தளத்துல எதும் கோளாறு இருக்குமோ, அண்ணே?” என்று பெனினிடம் கேட்டாள். கம்பெனியை ஆரம்பித்தவன் பெனின். அங்கே எல்லாருக்கும் அவன் அண்ணன்.

“டெஸ்ட் அம்புட்டும் பச்சையாத்தான இருக்கு? பண்டிகை நேரம், மக்க ஊருக்குப் போயிருப்பாவ. ஆர்டரு தானா வரும்.”

டெஸ்ட் என்பது வாடிக்கையாளர் மாதிரி நடிக்கிற நிரல். தானே தளத்தைத் திறக்கும், அரைக்கிலோ பால்கோவா எடுக்கும், ஆர்டர் பட்டனை அமுக்கும். எல்லாம் நடந்தால் பச்சை காட்டும். தினமும் காலையில் ஓடியது, தினமும் பச்சை. பச்சையைக் கண்டால் மனுஷனுக்கு மூளை லீவு போட்டுவிடும் போல. அந்த மாடியில் ஒருவர்கூடத் தன் கைபேசியில் ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கவில்லை.

ரெனிட்டாவுக்கு அந்தப் பச்சை மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. போன மாதம்தான் லின்ட் என்ற கருவியைக் கொண்டுவந்திருந்தாள். அது நிரலை ஓட்டாமலே வரிவரியாகப் படித்து, விதிக்கு ஒத்துவராத வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். எதையும் சரிபார்க்காமல் டெஸ்டை முடிக்கக் கூடாது என்பது ஒரு விதி. பட்டனை வலுக்கட்டாயமாக அமுக்கக் கூடாது என்பது இன்னொன்று. பட்டனை வேறு எதுவும் மறைத்துக்கொண்டிருந்தால் மனுஷ விரலால் அமுக்க முடியாது. டெஸ்டுக்கு அந்தக் கவலை இல்லை; ‘வலுக்கட்டாயம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் மறைத்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

விதிகள் வந்த அன்று எல்லார் கோப்பிலும் சிவப்பு. முனகிக்கொண்டே திருத்தினார்கள். பெனினின் கோப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. சுத்தம் என்ன சுத்தம், முதல் வரியிலேயே ‘இந்தக் கோப்புக்கு லின்ட் வேண்டாம்’ என்று எழுதி வைத்திருந்தான். ஆர்டர் போடும் டெஸ்ட் இருந்தது அதில்தான். ஆனாலும் அண்ணன் எழுதியதில் கை வைப்பது மரியாதையா? ஒருவரும் வைக்கவில்லை.

கடைக்காரர் போன் போட்ட பிறகும் ரெனிட்டா இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் காலை, பெனின் டீக்கு இறங்கிய நேரத்தில், அந்த முதல் வரியை அழித்தாள். ஆர்டர் பட்டன் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. ‘வலுக்கட்டாய’த்தை எடுத்துவிட்டு ஓட்டினாள். டெஸ்ட் சிவப்பாக நின்றது: பட்டனை வேறொன்று மறைக்கிறது.

அது போன வாரம் பெனின் ஏற்றிய பண்டிகை வாழ்த்து பேனர். ஆர்டர் வருவதெல்லாம் கைபேசி வழியாகத்தான்; அதில் பேனரை மூடுகிற குறி திரைக்கு வெளியே போயிருந்தது. ரெனிட்டா தன் போனில் திறந்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். வாழ்த்து நகரவே இல்லை.

திரும்பி வந்த பெனினின் முகம் சுருங்கியது. “பேனர் போட்டன்னைக்கு டெஸ்ட் செவப்பாயிருச்சு. அவசரத்துல அந்தச் சொல்லைச் சேத்துட்டேன்.” மத்தியானத்துக்குள் பேனரை எடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “கடைக்கார அண்ணாச்சிட்ட இதைச் சொல்ல வேண்டாம், ரெனிட்டா. ஆர்டர்தான் இனி வந்துருமே.”

ஆர்டர் வந்தால் மாரிச்செல்வி தப்பித்தாள். அப்புறம் எதற்கு அண்ணனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று ரெனிட்டாவும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தங்கப்பாண்டியன் போன் வந்தது. பெனின் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, ஆர்டரு கொட்டுது! நேத்து காலையிலதான் அந்தப் பிள்ளையை நிப்பாட்டிட்டு வேற ஆளைப் போட்டேன். மத்தியானமே வர ஆரம்பிச்சிருச்சு. கோளாறு எங்க இருந்துச்சுன்னு பாத்தீகளா? கடைத்தெரு பூரா சொல்லிட்டேன்.”

“சந்தோசம், அண்ணாச்சி” என்றான் பெனின், போனையே பார்த்தபடி.

ரெனிட்டாவுக்குக் காது சுட்டது. அவமானமாக இருந்தது. எழுந்து வந்து போனுக்குக் குனிந்தாள்.

“அண்ணாச்சி, மாரிச்செல்வி மேல ஒரு தப்பும் இல்ல. ஆர்டர் போடுற பட்டனை எங்க பேனருதான் மறைச்சுக்கிட்டு கெடந்துச்சு. பத்து நாளா யாராலயும் அமுக்க முடியல. நேத்து மத்தியானம் எடுத்தோம். அதான் வருது.”

பெனின் போனைப் பிடுங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் நின்றது.

“நேத்தே சொல்லியிருக்கலாமே, தாயி” என்றார் தங்கப்பாண்டியன். “ஊரு பூரா அவ பேரைக் கெடுத்துட்டனே. இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை வீட்டு வாசல்ல போயி நிக்க?”

“மொதல்ல நான் போயி நிக்கேன், அண்ணாச்சி” என்றாள் ரெனிட்டா.