புறங்கைச் சூடு

டயர்க் கடைக்காரர் கல்யாணத் தரகர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். இது அடக்கமான டயர். அது கொஞ்சம் துடுக்கு. சுவரோரம் சாய்ந்து நிற்பது வேகமென்றால் அப்படியொரு வேகம், ஆனால் வீட்டுக்கு அடங்காது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டிக்கு டயர் வாங்க வந்தால் ஜாதகம் பார்க்கிறார் மனுஷன்.

"வாரக் கடைசியில ஊர் சுத்தவும் வேணும், மாசத்துக்கு ஒரு தடவை ரேஸ் ட்ராக்ல ஓட்டவும் வேணும். அதானே மேடம்? அப்ப நடுவுல இருக்கிறதை எடுத்துக்குங்க. ஈரத்துலயும் நிக்கும், ட்ராக்லயும் பிடிக்கும்."

"கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு சொல்லுங்க."

"அந்த ஆசைக்குத்தான் மேடம் இந்த டயரையே செஞ்சிருக்காங்க."

அதையே வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கூட வந்த அண்ணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த டயரின் முன்னால் போய் நின்றாள். பள்ளம் என்று பேருக்கு இரண்டு கோடு போட்ட, மொழுமொழுவென்ற டயர் அது.

"இதுதான் அவர் போட்டிருந்தது," என்றாள்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "இது சூடு ஏறினா பசை மாதிரி ஒட்டும் மேடம். ஏறலைன்னா சோப்புதான். முதல்ல ஒண்ணு ரெண்டு சுத்து பொறுமையாப் போய் சூடு பண்ணிக்கணும். அவசரப்பட்டா..." என்று இழுத்தார்.

"தெரியும்," என்றேன். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

என் அண்ணன் போன வருஷம் அந்த ட்ராக்கின் கடைசி வளைவில் செத்துப்போனான். முதல் சுற்று, டயர் சில்லென்று இருக்கிறது, வண்டி முழு வேகத்தில். விசாரித்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். வேறு யார் செய்திருந்தாலும் ஆத்திரக்காரன் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் நான்கு டயரின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் வைத்துப் பார்க்கிற மாதிரி, புறங்கையை வைத்துப் பார்ப்பான். அவனைப் பார்த்து ட்ராக்கில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நேற்று வண்டி வாங்கியவன்கூடக் குந்தி உட்கார்ந்து புறங்கையை வைப்பான்.

நான் வைக்கமாட்டேன். நான் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை செய்கிறவள். எண் வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். டயர் சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியும், அழுத்தம் ஏறும். காற்று மானியை வைத்தால் முள் சொல்லிவிடும். அதற்காக அண்ணன் எனக்கு மீட்டர் என்றே பெயர் வைத்திருந்தான். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குடி மீட்டர்?" என்று சிரிப்பான்.

அப்படிப்பட்டவன் எப்படி சில்லென்ற டயரோடு போனான்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துக்கம் கேட்க வந்தவர்களே எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு பேசினார்கள். "தெரிஞ்சேதான் போயிருக்கான். வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சோ." காபி டம்ளரோடு வந்த அண்ணியின் காதில் அது விழுந்தது. அன்றைக்குக் காலையில் அவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அதற்குப் போய் யாராவது சாவார்களா? ஆனால் அண்ணி அந்தக் குழாயை இன்றுவரை சரிசெய்யவிடவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் பேச்சுக்கு நடுவே அது சொட்டிக்கொண்டே இருக்கும்.

"அவர் டயரைத் தொட்டுப் பார்க்காமப் போவாரா?" என்று கேட்பாள்.

"மாட்டான் அண்ணி."

"அப்ப சில்லுன்னு இருக்கிறது தெரிஞ்சிருக்கும்."

நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

"தெரிஞ்சும் போனார்னா, என்னை விட்டுட்டுப் போகணும்னுதானே போனார்?"

இந்தக் கேள்வியை அவள் வருஷம் முழுக்க என்னிடம் கேட்டாள். பொய் சொல்லியிருப்பேன், ஆனால் எனக்குப் பொய் வந்தால் காது சிவந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு நாள், அதே வண்டி, அதே டயர், அந்த வளைவில் ஒரே ஒரு தடவை என்று ஆரம்பித்தாள். நான் ஓட்டவேண்டும், அவள் பக்கத்தில் உட்காருவாள்.

"போய் என்னத்தைக் கண்டுபிடிக்கப்போறீங்க?" என்று கத்தினேன்.

"அங்க அவர் உடம்புக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு பார்க்கணும்."

மாட்டேன் என்றால் வேறு யாரையாவது கேட்பாள். அதனால் ஒத்துக்கொண்டேன். பழுது பார்த்து வந்து சும்மா நின்ற அண்ணனின் வண்டிக்கு அந்த மொழுமொழு டயரையே போட்டோம். கடையிலேயே காற்றை அளந்து, முள் நின்ற இடத்தை மனதில் வைத்துக்கொண்டேன். சாலையில் ஓட்டினால் ஆகாது என்று வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோனோம். ஆக, அந்த டயர் தரையில் உருண்டது கடை வாசலில் பத்தடி, ட்ராக்கில் பத்தடி.

காலைப் பனி இன்னும் விலகவில்லை. கூட்டம் அதிகம். ட்ராக்கில் கொடி காட்டுகிறவர் எங்களை ஆகக் கடைசி ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். ஷட்டரைத் தூக்கும்போது அண்ணியைப் பார்த்துத் தயங்கினார்.

"போன வருஷம் கட்டின ஷெட்டும்மா. அன்னிக்கு சார் வண்டிதான் இதுல முதல்ல நின்னுச்சு. அதோட பூட்டிட்டாங்க. இன்னிக்கு வேற இடம் இல்ல, அதான் திறந்துவிடச் சொன்னாங்க. சங்கடமா இருந்தா சொல்லுங்க, மாத்தித் தரேன்."

"இதுவே இருக்கட்டும்," என்றாள் அண்ணி.

உள்ளே வெறும் சிமெண்ட் தரை. ஒரு மேசை, ஒரு குழல்விளக்கு. புதுச் சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை. வண்டியைத் தள்ளி உள்ளே நிறுத்தினோம். நான் ஹெல்மெட் எடுக்க வெளியே போனேன். அங்கே மஞ்சள் வண்டி வைத்திருக்கும் பல் டாக்டர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணனோடு சேர்ந்து ஓட்டியவர். என்னைப் பார்த்ததும் புறங்கையைத் தூக்கிக் காட்டி, "இன்னும் சார் சொல்லிக்கொடுத்த மாதிரிதான்," என்றார். அழுகை வந்துவிடும் போலிருந்ததால் அவசரமாகத் திரும்பி வந்தேன்.

ஷெட்டுக்குள் ரப்பர் சூடான வாசனை வந்தது.

பக்கத்து ஷெட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். முன் டயரின் பக்கத்தில் மானியோடு குந்தினேன். ஏனோ தெரியவில்லை, வாழ்நாளில் செய்யாத வேலை, புறங்கையைக் கொண்டுபோய் வைத்தேன். சுரீர் என்றது. கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். சுற்றுச் சுற்றாக ஓட்டிவிட்டு இப்போதுதான் வந்து நின்ற வண்டியின் சூடு. நான்கு டயரும் அப்படித்தான். பனிக்காலைத் தரையில், உருளாத டயர்.

"அண்ணி, இங்க வந்து தொட்டுப் பாருங்க."

அவள் குனிந்து தொட்டாள். "சுடுதே," என்றாள். வெயிலில் நின்ற வண்டியைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. "சூடா இருந்தா நல்லதுதானே? கிளம்பலாமா?"

மானியை வைத்தேன். முள் கடையில் நின்ற அதே இடத்தில் நின்றது. தட்டிப் பார்த்தேன். மற்ற மூன்றிலும் வைத்தேன். எல்லாம் சில்லென்ற டயரின் கணக்கு. கை ஒன்று சொல்கிறது, முள் ஒன்று சொல்கிறது. கிளம்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அவள் அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குத் திரும்புவாள், குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு வருஷம் உட்கார்ந்திருப்பாள். முள்ளை நம்பி நடை வேகத்தில் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள் என்பதால் ட்ராக்கில் எங்கள் வண்டி மட்டும்தான். மெதுவாகத்தான் போனேன். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் ஒரு உறுதி வந்து உட்கார்ந்துகொண்டது. தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது வண்டி, மிதி, மிதி என்று என் காலே என்னிடம் சொன்னது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பயமே இல்லை. பயம் இல்லாததுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

"இப்படியா போவார் அவர்?" என்றாள் அண்ணி. "கட்டைவண்டி மாதிரி. என்ன, பயமா?"

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று வீட்டில் சொல்வார்கள். கடைசி வளைவு வந்தபோது கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் மிதித்தேன்.

வண்டியின் பின்பக்கம் காணாமல் போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எண்ணெய் கொட்டிய தரையில் காலை வைத்தது போல வழுக்கி, வண்டி அரை வட்டம் சுற்றிக்கொண்டு, தடுப்புச் சுவருக்குக் கையெட்டும் தூரத்தில் வந்த திசையைப் பார்த்து நின்றது. சைக்கிளை விடக் கொஞ்சம் அதிக வேகம், அவ்வளவுதான். அண்ணன் வேகத்தில் வந்திருந்தால் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வண்டியைத் திருப்பி, ஷெட்டுகளுக்குப் போகும் பாதையில் ஊர்ந்து, ஓரத்துப் புல்லில் நிறுத்தினேன். அண்ணி இறங்கினாள். நேராகப் பின் டயரிடம் போய்க் குந்தி, புறங்கையை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றாள்.

நானும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். கல் போலச் சில்லென்று, மேலே பனி ஈரம் வேறு. ஒரு சுற்று ஓடிவந்த டயர்.

"உள்ள இருக்கும்போது சுட்டுச்சே," என்றாள். "நான் தொட்டேன். நீயும் தொட்டே. பொய்யா?"

"இல்ல அண்ணி. எனக்கும் சுட்டுச்சு."

என் காதைப் பார்த்தாள். காது சிவக்கவில்லை போலிருக்கிறது. அவள் முகம் மெல்ல மெல்லக் கலைந்தது.

"அப்ப அவரும் அங்க தொட்டுப் பார்த்திருப்பார்," என்றாள். "சூடா இருக்குன்னு நம்பித்தான் போயிருக்கார். என்னை விட்டுட்டுப் போகல."

புல்லில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழவில்லை. நானும் அழுதேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நகர்ந்தது மாதிரி இருந்தது. எது அந்த டயரைச் சூடாக்கிக் காட்டியது என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அண்ணிக்குத்தான் தோன்றியது. அழுதுகொண்டே ஷெட்டுப் பக்கம் திரும்பியவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

நாங்கள் காலி செய்த கடைசி ஷெட்டில் மஞ்சள் வண்டி நின்றது. பனி படாமல் இருக்கட்டும் என்று உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். பல் டாக்டர் முன் டயரின் பக்கத்தில் குந்தியிருந்தார். புறங்கையை வைத்தார், சுட்டது போல எடுத்தார், பிறகு ஆச்சரியமாகச் சிரித்துக்கொண்டே எழுந்து வண்டியில் ஏறினார். கொடிக்காரர் கொடியை எடுத்தார்.

அண்ணி ஓடினாள். ஒரு வருஷமாகக் கடைக்குப் போகவே யோசித்தவள், தலையில் மாட்டிய ஹெல்மெட்டோடு, செருப்பு ஒன்று கழன்று விழ, ஓடினாள். நான் மானியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் மஞ்சள் வண்டியின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பானெட்டின் மேல் ஊன்றிவிட்டாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க," என்றாள்.

டாக்டர் தலையை வெளியே நீட்டினார். "என்னங்க ஆச்சு? டயர் நல்ல சூட்டுல இருக்கு. இப்ப விட்டா ஆறிடும். வேணும்னா நீங்களே தொட்டுப் பாருங்க."

நான் முட்டிபோட்டு மானியை வைத்தேன். சில்லென்ற டயரின் கணக்கில் நின்ற முள்ளை அவருக்குக் காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார்.

அண்ணி பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கொடிக்காரர், பக்கத்து ஷெட்டுக்காரர்கள், ஒரு வருஷமாக அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியவர்கள் எல்லோரும் அங்கே வந்து நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவருக்கும் அன்னிக்கு இப்படித்தாங்க சுட்டிருக்கு."