வாயு எந்தப் பக்கம் பாய்கிறது?

1
இந்தக் கதை என்னுடையதல்ல. நாலு மணிக்குத் தங்கை தொலைபேசியில் புலம்பியது. "இதையும் எழுதித் தொலைச்சிடாதே அண்ணா" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம்: 'கோடானுகோடி விண்மீன்கள் பிறக்கும் அந்தச் சுருள் மண்டலத்தில்...' வேண்டாம். அவள் இருப்பது ஜன்னல் திறக்க வராத அறையில். இரண்டு திரைகள், ஆறிப்போன டீ.

2
தொலைவிலுள்ள அந்த விண்மீன் மண்டலத்தில் புது விண்மீன்களின் ஒளி பட்டு எலக்ட்ரானை இழந்து ஒளிர்கிற வாயுவைத்தான் அவள் ஆராய்கிறாள். அது நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று அளந்துவிடலாம். (சாய்ந்த தட்டு போன்ற அந்த மண்டலத்தின் எந்த ஓரம் நமக்குக் கிட்டே என்பதை மட்டும் படத்திலுள்ள தூசிப் பட்டையை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஓரம் மாறினால் உள்ளே பாய்வது வெளியே பாய்வதாகிவிடும். எனக்கே மூன்று முறை சொன்னாள்.)

'வாயு மையத்தை நோக்கிப் பாய்கிறது' என்ற அவள் கட்டுரை நாளை வெளியாகிறது. திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். அந்தக் கட்டுரையை நம்பித்தான் அழைத்திருக்கிறார்கள்.

3
மூன்று மணிக்குப் பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, தூசி இந்தப் பக்கம் இருக்கு? மூலப்படத்துல அந்தப் பக்கம்ல?"

"விளையாடாதே."

"யாரோ இடம்வலமா திருப்பியிருக்காங்க."

அவள் மூலப்படத்தைத் திறந்து பார்த்தாள். போன வருடம் ஒரு கருத்தரங்குக்குச் செய்த போஸ்டரில் தலைப்பு மண்டலத்தின் மேல் ஏறிக்கொண்டது. அழகுக்காகப் படத்தைத் திருப்பினாள். பிறகு அதே படத்தை வைத்துத்தான் எந்த ஓரம் கிட்டே என்று...

"யாரோ இல்லடா. நான்தான்."

"வேற யாருக்கும் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியுமே."

"என்னையெல்லாம் ஒரு ஆளா எடுத்துக்காதீங்க."

4
சற்றுமுன் எழுதிய பத்தியில் படத்தைத் திருப்பியவன் அவன்தான் என்று வைத்திருந்தேன். தங்கை தப்பித்தாள், கதையும் ஓடியது. அடித்துவிட்டேன். நானும் அழகுக்காகத்தான் திருப்பினேன்.

5
இதழ்க்காரர்கள் ஐந்து மணிவரை திருத்தம் ஏற்பார்கள். 'முடிவு தவறு, நிறுத்தி வையுங்கள்' என்ற கடிதம் அவள் திரையில் தயாராக இருக்கிறது.

முடிவு அ: அனுப்புகிறாள். திங்கட்கிழமை வீட்டில்.

முடிவு ஆ: அனுப்பவில்லை. வேலை கிடைக்கிறது. பக்கத்து மேசைக்காரன் கடந்து போகும்போதெல்லாம் அவள்...

"நீயே சொல்லுண்ணா, அனுப்பவா?" என்றுதான் தங்கை போனில் கேட்டாள். "யோசிச்சுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்கவில்லை. கூப்பிடாமலிருக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மணி நாலு ஐம்பத்தாறு. அடுத்த வரி இல்லையென்றால் போனை எடுத்தாக வேண்டும். நீங்களாக இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம்.