வாய்விட்டுச் சொல்லும் வாக்கு

எங்கள் கென்டக்கி மாநிலத்தில் வாக்கை எழுதிப் போடுவதில்லை. நீதிமன்றத்துக்குள் போய், தேர்தல் நடத்தும் ஷெரிஃப் கேட்டதும், எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நன்றி சொல்வார்.

என் மாமனார் ஜொசாயா ப்ருவெட் இருபது வருடமாக அப்படி எழுந்து பழகியவர். முதலில் சட்டசபை, பிறகு செனட். இந்த ஆண்டு, மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதும் மாநாட்டுக்கான தேர்தலில் நின்றார். அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க வேண்டும் என்று மேடையில் சொன்னார். அன்றிலிருந்து நண்பர்கள் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார்கள்.

காலையில் என்னிடம், "மாப்ள, நீ என்ன எதுத்து நிக்கற கர்னல் ஹாஸ்கின் பேரயே சொல்லிடு. நான் எப்படியும் தோக்கத்தான் போறேன். ஜூன் மாசம் பொண்ணப் புதைச்சேன். போதும்" என்றார்.

அவர் மகள் லூசிண்டா என் மனைவி. காலராவில் போனாள். இனி பயப்பட எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நீதிமன்றப் படியில் கர்னலின் ஆட்கள் விஸ்கிப் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள். ப்ருவெட் பெயரைச் சொல்லிவிட்டு வந்த கொல்லர் கீழே அடிபட்டுக் குப்புறக் கிடந்தார். யாரும் தூக்கவில்லை.

"வாங்க வாத்தியாரே," என்றான் ஒருவன், கத்தியால் நகம் சுரண்டியபடி. "ஜன்னல் தெறந்துதான் இருக்கு. நீங்க பாடம் ஒப்பிக்கறது இங்க வரைக்கும் கேக்கும்."

நான் படியேறினேன்.

உள்ளே கர்னல் எழத் தயாராக நாற்காலி நுனியில் இருந்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை. அவர் கையிலும் என் கையிலும் லூசிண்டாவுக்காகக் கட்டிய ஒரே கறுப்புத் துணி. கொல்லருக்குப் பிறகு யாரும் மாமாவின் பெயரைச் சொல்லாததால் அவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏமஸ் டில்ஃபர்ட், யாருக்கு?"

"ப்ருவெட்."

ஷெரிஃப் காதைச் சாய்த்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா. படியில நிக்கறவங்களும் மனுஷங்கதானே?"

சிரித்தார்கள். அப்போதும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஓடிவிட ஆசையாக இருந்தது. உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது. அது எனக்கே புதிது.

"ஜொசாயா ப்ருவெட்!"

வெளியே பேச்சு நின்றது.

மாமா எழுந்தார். "நன்றி, மிஸ்டர் டில்ஃபர்ட்." திரும்ப உட்காராமல் தொப்பியை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? இன்னும் முடியலயே," என்றார் ஷெரிஃப்.

"எனக்கு முடிஞ்சிடுச்சு."

என் முழங்கையைப் பிடித்தார்.

"சுவரோரமா வா, மாப்ள. ஓடாத. கொல்லரயும் தூக்கிட்டுப் போகணும்."

கதவை அவரே திறந்தார்.