சங்கத்துச் சிலுவை

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெர்லிண்டேயும் நானும் பதினெட்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் பாடம் நடத்தினோம். இதை அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். முதல் முறை சொன்னபோது அவள் அப்பா இறந்தது புதன்கிழமை. இரண்டாம் முறை வியாழன். அடக்கத்தன்று நான் கல்லறைத் தோட்டத்தில்தான் நின்றேன், ஆனால் சிற்றாலயத்துக்கு வெளியே. உள்ளறையில் நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும்.

1978 நவம்பர். காலை பத்து மணி. கெர்லிண்டே அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். மூன்று தலையணைகளில் சாய்ந்து அவர் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. வலது கன்னம் முடிந்து பிளேடை வெந்நீரில் அலசியபோது அவளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்றிருந்தது.

"டீடெமான் மாமா போன் பண்ணினார்ப்பா."

"எதுக்கு?"

"அந்தத் திண்டைப் பத்திக் கேட்டார். கொண்டுவரணுமான்னு."

"நான் இன்னும் சாகலையே."

"கேட்டு வச்சுக்கறாராம்."

"அவன் எப்பவும் அப்படித்தான். அரை மணி முன்னாடியே வந்து நிப்பான்." சிரிப்பு இருமலாயிற்று. அவள் துவாலையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

திண்டு என்றால் கறுப்பு வெல்வெட் திண்டு. இறந்த போர்வீரனின் பதக்கங்களை அதில் குத்தி, சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் ஏந்திப் போவார். அவள் அப்பா எக்கார்ட் வீஸ்னர் போரில் பெற்ற கழுத்துச் சிலுவை அலமாரியில் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் நடுவே நாஜிக் குறி இருந்ததால் வெளியே காட்டினால் குற்றம். குறி நீக்கிய புதிய சிலுவையை வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தும் அவர் வாங்கவில்லை. வாங்காதவர்களுக்காக விமானப்படைத் தோழர் சங்கம் பொதுவில் ஒன்று வாங்கி, அப்பாவின் பழைய தோழர் டீடெமானிடம் கொடுத்து வைத்திருந்தது. அந்த ஒரே சிலுவை அதுவரை பதினோரு சவப்பெட்டிகளுக்கு முன்னால் போயிருந்தது.

"கொண்டுவரச் சொல்லட்டுமாப்பா?"

அவர் மோவாயை உயர்த்திக் கொடுத்தார்.

போன வாரம் காப்பீட்டுத் தாள்களைத் தேடியபோது அவளுக்கு அவருடைய பறப்புப் புத்தகம் கிடைத்தது. சாம்பல் நிற அட்டை. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: தேதி, நேரம், இடம், குறிப்பு. லெப்டினென்டாக ஸ்பெயின். கேப்டனாகப் போலந்து, பிறகு இங்கிலாந்து. மேஜராக ரஷ்யா. கடைசியில் கர்னல், தொண்ணூறு குண்டுவீச்சு விமானங்கள் அவர் கையில். 1944இல் பெட்ரோல் இல்லாமல் அவை மரங்களுக்கு அடியில் நின்றுவிட்டன, வரிகளும் நின்றுவிட்டன. பிறகு இரண்டு ஆண்டு சிறை. அப்புறம் ஊர் ஊராகப் போய் டிராக்டர் விற்றார். புதிய ராணுவம் அமைந்தபோது அவரைக் கூப்பிட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. அவர் பதில் போடவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

முந்நூற்றுச் சொச்சம் வரிகளில் அடுத்தடுத்த இரண்டில் அவள் நின்றுவிட்டாள். 1939 செப்டம்பர். போலந்தில், ஆற்றங்கரையில் ஒரு சிறிய நகரம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. இலக்கு தாக்கப்பட்டது. பார்வைத் தெளிவு நன்று. காலை வரிக்குக் கீழே அதே பென்சிலில், அதே ஒழுங்கான கையெழுத்தில், சந்தை நாள்.

"அப்பா, உங்க புத்தகத்தைப் பாத்தேன்." பிளேடு அவர் தொண்டைக்குக் கீழே இருந்தது. "அந்தச் சந்தை நாள் அன்னிக்கு நீங்க கீழே பாத்தீங்களா?"

அவள் பிளேடை எடுத்துவிட்டாள். வெளியே யாரோ இலை கூட்டும் சத்தம் கேட்டது. கூட்டுபவர் தெருக்கோடி வரை போய்விட்டார். அவள் காத்திருந்தாள். கிண்ணத்தில் வெந்நீர் ஆறியது.

"இடது கன்னம் பாக்கி இருக்கு," என்றார் அவர்.

அவள் இடது கன்னத்தையும் முடித்தாள். அவர் அதன்பின் பேசவில்லை. மாலை நான்கு மணிக்கு இறந்தார்.

திங்கட்கிழமை, கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் உள்ளறையில் ஒன்பது கிழவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டீடெமான் அரை மணி முன்னதாகவே வந்திருந்தார். திண்டு அவர் கையில். சிலுவை பளபளத்தது.

"நல்லாத் துடைச்சிருக்கே. என் முறை வர்றப்பவும் இப்படியே இருக்கணும்," என்றார் ஒருவர்.

"உனக்கு அது கிடையாதுடா. நீ சமையல்கட்டு சார்ஜென்ட். உனக்கு ஒரு கரண்டியைக் குத்தி விடுறோம்."

அடக்கிச் சிரித்தார்கள். கெர்லிண்டேயின் அண்ணன் ஃபோல்கரும் சிரித்தான். அவன் ஹானோவரில் வக்கீல்.

"திண்டு வேண்டாம்," என்றாள் கெர்லிண்டே.

சிரிப்பு நின்றது.

"என்ன சொல்றே?" என்றான் ஃபோல்கர்.

"அப்பா வேண்டாம்னு சொன்னார்."

டீடெமான் அவளைப் பார்த்தார். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தவர்; அவளுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். "எப்பம்மா சொன்னார்?"

"கடைசி நாள். ஷேவ் பண்றப்ப."

"அவர் வார்த்தையிலயே சொல்லு. மூணு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து பறந்தவன் நான். அவர் வாயால வேண்டாம்னு ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை."

அவள் சிலுவையைப் பார்த்தாள்.

"பொய் சொல்றா," என்றான் ஃபோல்கர். "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். அவளுக்குப் பிடிக்கலேன்னா அப்பாவுக்கும் பிடிக்காது."

"ஆமா, பொய்தான்." அவள் குரல் உயரவில்லை. "அவர் ஒண்ணும் சொல்லலை. திண்டு வேணுமான்னு கேட்டேன், பேசலை. சந்தை நாள் அன்னிக்குக் கீழே பாத்தீங்களான்னு கேட்டேன், அதுக்கும் பேசலை. நான் அவர் பின்னாடி நடக்கணும் மாமா. அவர் என் அப்பா. ஆனா இந்தச் சிலுவைக்குப் பின்னாடி என்னால நடக்க முடியாது. இது முன்னாடி போச்சுன்னா நான் இங்கேயே நின்னுடுவேன்."

கிழவர்களில் ஒருவர் தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இந்த ஆட்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடிக் குடிப்பவர்கள். எஞ்சினைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் விடிய விடியப் பேசக்கூடியவர்கள்.

"அவர் கிட்டயா கேட்டே?" என்றார் டீடெமான். "அவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டுறவன் நேராத்தான் பாக்கணும். கீழே பாக்கிறது என் வேலை."

கெர்லிண்டே அவரை நெருங்கினாள்.

"பாத்தீங்களா?"

"தெளிவா இருந்துச்சு." அவர் கட்டைவிரல் வெல்வெட்டை ஒரே திசையில் தடவியது. "திரும்பி வந்து அவர்கிட்டச் சொன்னேன், சந்தை கூடியிருக்குன்னு. எழுதிக்கிட்டார். சாப்பிட்டோம். மதியம் மறுபடியும் போகலாம்னார். போனோம்."

போதகர் கதவைத் திறந்து, நேரமாகிவிட்டது என்றார். மணி அடிக்கத் தொடங்கியது.

"கொடுங்க மாமா, நான் தூக்குறேன்," என்று ஃபோல்கர் கை நீட்டினான்.

"கூடப் பறந்தவன்தான் தூக்கணும். நீ தொடக்கூடாது."

அதுதான் வழக்கம். அவர்களில் வீஸ்னரோடு ஒரே விமானத்தில் பறந்தவர் டீடெமான் ஒருவர்தான். மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். டீடெமான் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"முட்டி வலியா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை," என்றார் டீடெமான். எழுந்திருக்கவில்லை.

சக்கர வண்டியில் சவப்பெட்டி வெளியே வந்ததை நான் பார்த்தேன். அதன் முன்னால் போதகர் மட்டும் நடந்தார். பின்னால் கெர்லிண்டேயும், அவளிடமிருந்து இரண்டடி தள்ளி ஃபோல்கரும். அதற்குப் பின்னால் வந்த எட்டுக் கிழவர்களும் அடியை ஒன்றாக வைக்கப் பார்த்தார்கள். சரளைக்கல்லில் அது கூடி வரவில்லை. உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. திரும்பி வரும்போது அங்கே நாற்காலி மட்டும் இருந்தது.

அடக்கம் முடிந்து கொடுத்த காப்பிக்கும் பட்டர் கேக்குக்கும் டீடெமான் வரவில்லை. ஃபோல்கர் தங்கையோடு ஆறு ஆண்டுகள் பேசவில்லை. பிறகு பேசினான், அப்பாவைப் பற்றி அல்ல. வீட்டை ஒரு பல் டாக்டர் வாங்கினார். ஆள் குறைந்து சங்கத்தை 1989இல் கலைத்தார்கள். பறப்புப் புத்தகத்தைக் கெர்லிண்டே ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள். டீடெமான் தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார், கடைசி ஒன்பது ஆண்டுகள் முதியோர் இல்லத்தில். கெர்லிண்டே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவாள். என்ன பேசினார்கள் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.